கடைவீதியில் ஒரு போர்க்களம்: வாசகர் கேள்வி பதில்

சதுரங்கத்தில் நாம் குதிரை என்று சொல்லும் காயை ஆங்கிலேயர் ஏன் நைட் என்று சொல்கிறார்கள் என்ற கேள்விக்குச் சென்ற இதழில் விடை எழுதியபோது, அந்த நைட்டுகள், அதாவது அக்கால ஐரோப்பாவின் கவசமணிந்த குதிரைவீரர்கள், ஊர் நடுவில் ஈட்டி ஏந்திக் குதிரைமேல் மோதிக்கொண்ட போட்டிகளைப் பற்றிப் போகிற போக்கில் ஒரு வரி சேர்த்திருந்தேன். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு சேலம், ஏற்காடு, ஆத்தூர் பக்கங்களிலிருந்து வந்த கடிதங்கள் ஒரு கட்டு சேர்ந்துவிட்டன. எனவே இந்த முறை பகுதி முழுவதும் அதற்கே. ஆங்கிலத்தில் இரவைக் குறிக்கும் சொல்லுக்கும் இந்த நைட்டுக்கும் ஒலிதான் ஒன்று, பொருள் வேறு என்பதை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். மூன்று கடிதங்கள் அந்தக் குழப்பத்தோடு வந்திருந்தன.

கேள்வி: நான் பார்த்த ஓவியங்களிலெல்லாம் இந்த ஈட்டிமோதல் கோட்டை மதிலுக்கு வெளியே, பசும்புல் வெளியில்தான் நடக்கிறது. தாங்கள் 'ஊர் நடுவில்' என்று எழுதியது சரிதானா, ஐயா?
ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியை, ஏற்காடு

பதில்: சரிதான், அம்மா. ஆனால் தொடக்கத்தில் அப்படி இல்லை. 11ஆம் நூற்றாண்டின் கடைசியிலோ 12ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலோ வடக்குப் பிரான்சில் இந்த விளையாட்டு உருவானபோது அதற்குத் திடல் என்று ஒன்று கிடையாது. இரண்டு ஊர்களுக்கு இடைப்பட்ட வயல், தோப்பு, ஓடை, திராட்சைக் கொல்லை எல்லாமே களம்தான். இரு அணிகளாகப் பிரிந்த குதிரைவீரர்கள் நேருக்கு நேர் பாய்ந்து, பிறகு சிதறி, ஒருவரையொருவர் துரத்திப் பொழுது சாயும்வரை போரிடுவார்கள். எதிரியைக் கொல்வதன்று, உயிரோடு பிடிப்பதே நோக்கம்; பிடிபட்டவர் குதிரையையும் கவசத்தையும் இழப்பார், அல்லது பணம் கொடுத்து மீள்வார். 'டோர்னமென்ட்' என்ற சொல்லே திரும்புதல், சுழலுதல் என்று பொருள்படும் பழைய பிரெஞ்சு வினையிலிருந்து பிறந்தது. முதல் பாய்ச்சலில் கடந்துபோன குதிரையைத் திருப்பிக்கொண்டு மறுபடியும் மோத வருவதால் அந்தப் பெயர். நம் ஊர்ப் பக்கம் டென்னிஸ் பந்து கிரிக்கெட்டுக்காக 'மாபெரும் டோர்னமென்ட்' என்று பேனர் கட்டும் தம்பிகள் அறியாமலே, அந்தச் சொல்லுக்குள் ஒரு குதிரை இன்னமும் திரும்பிக்கொண்டிருக்கிறது.

இதையே பிழைப்பாகக் கொண்டவர்களும் இருந்தார்கள். வில்லியம் மார்ஷல் என்ற ஆங்கிலேயர் சொத்தில் பங்கில்லாத இளைய மகன். 1170களில் இன்னொரு வீரரோடு கூட்டுச் சேர்ந்து, கிடைப்பதைச் சரிபாதியாகப் பிரித்துக்கொள்வது என்ற ஏற்பாட்டில் ஊர் ஊராகப் போய்ப் போட்டியிட்டார். ஏறத்தாழ 10 மாதங்களில் இருவரும் 103 வீரர்களைப் பிடித்தார்கள் என்று அவருடைய வாழ்க்கையைப் பாடிய பழைய செய்யுள் நூல் கூறுகிறது. அந்தக் கணக்கை எழுதி வைத்தவர் மார்ஷல் பணியாற்றிய இளவரசருடைய சமையற்கட்டு எழுத்தர் என்பதையும் அது மறக்காமல் சொல்கிறது. ஒருமுறை ப்ளூர் என்ற ஊரில் அவருக்குப் பரிசு கொடுக்கத் தேடியபோது ஆளைக் காணவில்லை. கடைசியில் கொல்லன் பட்டறையில், பட்டறைக்கல்லின்மேல் தலையை வைத்துக் குனிந்திருந்தவரைக் கண்டுபிடித்தார்கள். அடிவாங்கி நசுங்கிய தலைக்கவசம் கழுத்தோடு சிக்கிக்கொண்டதால், கொல்லர் அதைத் தட்டித் தட்டிக் கழற்றிக்கொண்டிருந்தார். கொடுக்க வந்த பரிசு என்னவென்றால், ஒரு பெரிய ஆற்றுமீன். இந்த மனிதர்தான் 1216இல் சிறுவயது அரசருக்காக இங்கிலாந்தையே ஆளும் பொறுப்புக்கு வந்தார்.

அடுத்த இரண்டு நூற்றாண்டுகளில் கூட்டச் சண்டை மெல்லப் பின்னுக்குப் போய், ஒருவரோடு ஒருவர் ஈட்டியால் மோதும் ஜவுஸ்ட் முன்னுக்கு வந்தது. அப்போதுதான் போட்டி நகரத்துக்குள் நுழைந்தது. நூறு குதிரைகள் சிதறி ஓடக் காடும் மேடும் வேண்டும். இரண்டு குதிரைகள் எதிரெதிரே ஓட அகலமான ஒரு தெரு போதும். மாடியிலிருந்து பார்க்க வீடுகள், குதிரை கட்டச் சத்திரங்கள், பரண் கட்டத் தச்சர்கள், கடன் கொடுக்க வணிகர்கள் என்று தேவையான எல்லாம் நகரத்தில் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தன. 1331 செப்டம்பரில் மூன்றாம் எட்வர்ட் அரசர் லண்டனின் சீப்சைடு தெருவில் போட்டி நடத்தினார். 'சீப்' என்பது பழைய ஆங்கிலத்தில் சந்தை. ஆகவே அந்தத் தெருவின் பெயரைத் தமிழில் சொல்வதானால் கடைவீதி என்றுதான் சொல்ல வேண்டும். நம் சின்னக்கடை வீதியின் இருபுறமும் கடைகளை அடைத்து, வழியெங்கும் மணல் கொட்டி, நடுவே இரண்டு குதிரைகளை ஓடவிட்டால் எப்படி இருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். கல் பாவிய தெருவில் குதிரைக் குளம்பு வழுக்காமலிருக்க அங்கும் மணலைத்தான் பரப்பினார்கள். கூலமேட்டு வாடிவாசலுக்கு முன்னால் தென்னை நார்க்கழிவு கொட்டிப் பரப்புவதைப் பார்த்தபோது எனக்கு இந்தச் சீப்சைடு மணல்தான் நினைவுக்கு வந்தது.

அரசி பிலிப்பாவும் தோழியரும் அமர்ந்து பார்ப்பதற்காகத் தெருவின் குறுக்கே கட்டிய மரப்பரண் அன்று சரிந்து விழுந்தது. மேலே இருந்த பெண்களும் கீழே நின்ற வீரர்களும் காயமுற்றார்கள். அரசர் சினந்து தச்சர்களைத் தண்டிக்கப் புறப்பட, அரசி மண்டியிட்டு மன்றாடி அவர்களைக் காப்பாற்றினார் என்று லண்டன் வரலாறு எழுதிய ஜான் ஸ்டோ குறிப்பிடுகிறார். அதன்பிறகு அரசர் அதே தெருவில் மாதாகோவிலை ஒட்டிக் கல்லாலேயே ஒரு பார்வை மண்டபம் கட்டிக்கொண்டார். இந்தப் போட்டிகளைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் எனக்குத் தோன்றுவது, ஈட்டி பிடித்தவரை உலகம் நினைவில் வைத்திருக்கிறது, பரண் கட்டியவரை மறந்துவிட்டது என்பதுதான். ஒரே ஒருவர் விதிவிலக்கு. 1390இல் லண்டன் ஸ்மித்ஃபீல்டு திடலில் நடந்த போட்டிகளுக்குப் பரண் அமைக்கும் பொறுப்பிலிருந்த அரசாங்கக் கட்டட அலுவலரின் பெயர் ஜெஃப்ரி சாசர். ஆங்கிலக் கவிதையின் தந்தை என்று கல்லூரிகளில் சொல்லித்தருகிறார்களே, அவரேதான்.

கேள்வி: நம் ஜல்லிக்கட்டுக்கு வந்தது போல அங்கேயும் தடை வந்ததா? வந்ததென்றால் யார் போட்டார்கள், யார் எடுத்தார்கள்?
மாடு வளர்ப்பவர், ஆத்தூர் வட்டம்

பதில்: வந்தது, நம்முடையதைவிட மிக நீண்டது. ஜல்லிக்கட்டை உச்ச நீதிமன்றம் 2014இல் தடுத்தது, 2017இல் சட்டத் திருத்தத்தால் வாடிவாசல் மீண்டும் திறந்தது. அங்கே தடை விதித்தது கிறிஸ்தவத் திருச்சபை. 1130இல் கிளெர்மோன் நகரில் கூடிய சங்கம் தொடங்கிவைக்க, 1139லும் 1179லும் ரோமில் கூடிய பெருஞ்சங்கங்கள் அதை மீண்டும் உறுதிசெய்தன. போட்டியில் இறப்பவர் சாகும் தறுவாயில் பாவமன்னிப்புக் கேட்டால் மறுக்கக்கூடாது, ஆனால் அவர் உடலைத் திருச்சபையின் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்யக்கூடாது என்பது தண்டனை. வீண் பெருமைக்காக உயிரை விடுகிறார்கள், புனிதப் போருக்குப் போக வேண்டிய ஆளும் குதிரையும் பொருளும் இதில் அழிகின்றன என்பது பாதிரியார்களின் வாதம். சாவுகளும் குறைவில்லை. 1241இல் ஜெர்மனியின் நாய்ஸ் நகரத்துக்கருகே நடந்த போட்டியில் வெயிலிலும் புழுதியிலும் கவசத்துக்குள்ளேயே மூச்சுமுட்டிப் பலர் மாண்டதாக அக்காலக் குறிப்புகள் கூறுகின்றன.

தடை இருந்த அந்தக் காலம் முழுவதும் போட்டிகள் நடந்துகொண்டே இருந்தன என்பது வேறு செய்தி. இங்கிலாந்தின் முதலாம் ரிச்சர்ட் அரசர் 1194இல் 5 இடங்களைக் குறித்துக் கொடுத்து, உரிமக் கட்டணமே வாங்கத் தொடங்கிவிட்டார். உயர்பிரபுவுக்கு 20 மார்க் (அக்காலப் பணக்கணக்கு), அடுத்த நிலைப் பிரபுவான பாரனுக்கு 10, நிலமுள்ள நைட்டுக்கு 4, நிலமில்லாதவருக்கு 2. போப்பாண்டவர் மறுத்ததை அரசர் விற்றார் என்று சொன்னால் மிகையாகாது. 1316இல் போப்பாண்டவர் 22ஆம் ஜான் தடையை நீக்கியபோது சொன்ன காரணம்தான் சுவையானது: புனிதப் போருக்கு வீரர்கள் பயிற்சி பெற இந்தப் போட்டிகள் தேவையாம். விதிப்பதற்குச் சொன்ன அதே காரணம் எடுப்பதற்கும் பயன்பட்டது.

பார்வையாளர்களைக் கட்டுப்படுத்தும் சட்டமும் தனியாக உண்டு. 1292ஆம் ஆண்டின் இங்கிலாந்துச் சட்டம், வேடிக்கை பார்க்க வருபவர் எந்த ஆயுதமும் கொண்டுவரக்கூடாது என்றது. தன் பக்கத்து வீரர் கீழே விழுந்தால் ஊர்க்காரர் தடியோடு களத்தில் இறங்கிவிடுவது எல்லா நாட்டிலும் உள்ள வழக்கம்போலும்.

கேள்வி: நாங்கள் தலைமுறையாக வெள்ளிக் கொலுசு செய்பவர்கள். அந்த இரும்புச் சட்டையை யார் செய்தார்கள், எத்தனை கிலோ இருக்கும், மோதும்போது எப்படித் தாங்கியது என்பதை அறிய விரும்புகிறேன்.
பட்டறைக்காரர், செவ்வாய்ப்பேட்டை

பதில்: செய்தவர்கள் தங்களைப் போலவே குடும்பம் குடும்பமாகத் தொழில் பழகியவர்கள்தான். இத்தாலியில் மிலான் நகரம், ஜெர்மானிய நாடுகளில் ஆக்ஸ்பர்க், நியூரம்பர்க், இன்ஸ்புருக் ஆகிய நகரங்கள் கவசத்துக்குப் பேர்போனவை. ஆக்ஸ்பர்க்கில் ஒரு குடும்பத்தின் பெயரே ஹெல்ம்ஷ்மிட். தலைக்கவசக் கொல்லர் என்பது அதன் பொருள். நம் கொலுசில் முத்திரை அடிப்பது போல, நியூரம்பர்க்கில் நகரத்தின் தரமுத்திரை கவசத் தகட்டில் பதிக்கப்பட்டது. இங்கிலாந்தின் எட்டாம் ஹென்றி அரசர் இதற்காகவே வெளிநாட்டுக் கைவினைஞர்களை வரவழைத்துக் கிரீனிச்சில் தனிப்பட்டறை வைத்துக்கொண்டார்.

எடையைப் பொறுத்தவரை, போருக்குரிய கவசத்தையும் போட்டிக்குரிய கவசத்தையும் வேறு வேறாகப் பார்க்க வேண்டும். போர்க்கவசம் 20 முதல் 25 கிலோ. உடல் முழுதும் பரவி நிற்பதால் அணிந்தவர் ஓடலாம், குனியலாம், குதிரையேறலாம். 15ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஜவுஸ்டுக்கென்றே செய்த கவசம் 40 கிலோவையும் தொடும். ஒரே ஒரு அடியை ஒரே ஒரு திசையிலிருந்து வாங்குவதற்காகச் செய்ததாகையால், இடப்பக்கத்துத் தகடு கனமாகவும் வலப்பக்கம் இலேசாகவும் இருக்கும். காரணம் எளிது. இருவரும் ஒருவரையொருவர் தம் இடப்புறமாகக் கடப்பார்கள். வலக்கையில் பிடித்த ஈட்டி குதிரையின் கழுத்துக்குக் குறுக்கே சாய்ந்து எதிரியின் இடப்பக்கத்தைக் குறிபார்க்கும். மார்புத்தகட்டின் வலப்புறம் ஒரு கொக்கி துருத்திக்கொண்டிருக்கும். ஈட்டியின் பாரமும் மோதலின் எதிர்விசையும் மணிக்கட்டில் இறங்காமல் அந்தக் கொக்கி வழியாக உடம்பு முழுவதிலும் பரவும்.

தொழில்காரராகிய தங்களுக்குப் பிடிக்கக்கூடியது தலைக்கவசந்தான். பக்கவாட்டில் பார்த்தால் தவளை வாய் போலத் தோன்றும். அதன் கீழ்த்தாடை முன்னே நீண்டிருக்க, பார்வைக்கான பிளவு அதற்கு மேலே இருக்கும். முன்னால் குனிந்திருக்கும்போது மட்டும் எதிரே வருபவர் தெரிவார். ஈட்டி படும் நொடியில் தலையை நிமிர்த்திவிட்டால், பிளவு வானத்தைப் பார்க்கும், தாடை கண்ணை மறைத்துக்கொள்ளும். அதாவது கடைசி நொடியில் வீரர் பார்வையற்றவராகவே மோதினார். அந்தத் தலைக்கவசம் மார்போடும் முதுகோடும் திருகாணியாலும் வாரினாலும் பூட்டப்பட்டதால் கழுத்து ஒடியாது. தலையையும் திருப்ப முடியாது.

ஈட்டி மரத்தாலானது, ஏறக்குறைய 3 முதல் 4 மீட்டர் நீளம். கூர்முனைக்குப் பதிலாகக் கிரீடம் போன்ற மூன்று பல் கொண்ட முனையை மாட்டுவார்கள். துளைக்காது, ஆனால் வழுக்காமல் கவ்வும். ஈட்டி உடையவேண்டும் என்பதற்காகவே அப்படிச் செய்தது. உடையாத ஈட்டி விசை முழுவதையும் ஆளின்மேல் இறக்கிவிடும். ஒவ்வொரு குதிரையும் மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் வந்தாலே, இருவரும் சந்திக்கும் வேகம் 60 ஆகிவிடுகிறது.

கேள்வி: கீழே தள்ளினால்தான் வெற்றியா? புள்ளி எப்படிப் போட்டார்கள்?
கல்லூரி மாணவர், அஸ்தம்பட்டி

பதில்: தள்ளினால் பெருமை, ஆனால் தள்ளுவது அரிது. பெரும்பாலும் ஈட்டியை எத்தனை முறை, எதிரியின் உடம்பில் எந்த இடத்தில் உடைத்தார் என்பதே கணக்கு. 1466இல் இங்கிலாந்தின் ஜான் டிப்டாஃப்ட் பிரபு வகுத்த விதிகள் கிடைத்திருக்கின்றன. குதிரையை அடித்தவருக்குப் பரிசில்லை. இரு குதிரைகளின் ஓட்டப்பாதையையும் பிரிக்கும் நடுத்தடுப்பை மூன்று முறை இடித்தவருக்கும் பரிசில்லை. சேணத்தில் அடித்தால் புள்ளி குறையும். எழுத்தர் ஒரு நீள்சதுரம் வரைந்து, அதன் கோடுகளின்மேல் சிறு கீறல்கள் போட்டு ஒவ்வொரு ஓட்டத்தையும் பதிவுசெய்வார். நம் கிரிக்கெட் ஸ்கோர் நோட்டுக்கு மூத்த பாட்டன் என்று அந்தத் தாள்களைச் சொல்லலாம்.

அந்த நடுத்தடுப்பு 15ஆம் நூற்றாண்டில்தான் பரவியது. முதலில் கயிற்றில் துணியைத் தொங்கவிட்டு, பிறகு பலகையால் செய்தார்கள். அதற்கு முன்பு குதிரைகளே நேருக்கு நேர் முட்டிக்கொண்டு விழுந்த விபத்துகள் மிகுதி.

கேள்வி: எங்கள் பகுதியில் ஆடித் திருவிழாவில் வண்டி வேடிக்கை நடக்கும், சாமி வேடம் போட்டு அலங்கார வண்டியில் வருவார்கள். அங்கே வெறும் சண்டை மட்டும்தானா, இப்படி ஏதாவது உண்டா?
வாசகர், குகை

பதில்: தங்கள் ஊரார் அங்கே போயிருந்தால் முதல் பரிசையே வாங்கியிருப்பார்கள். முன்னே சொன்ன 1331 சீப்சைடு போட்டியில் வீரர்கள் மத்திய ஆசியத் தார்த்தாரியர் வேடமிட்டு, முகமூடியணிந்து ஊர்வலமாக வந்தார்கள். 1343இல் ஸ்மித்ஃபீல்டில் ஒரு அணியின் தலைவர் போப்பாண்டவராகவும், உடன் வந்த 12 பேர் கர்தினால்களாகவும் வேடம் போட்டு மூன்று நாள் ஈட்டியேந்தினார்கள். திருச்சபைத் தடை நீங்கி அப்போது 27 ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. மூன்றாம் எட்வர்ட் அரசரின் காதலி ஆலிஸ் பெரர்ஸ் 'சூரிய நாயகி' என்ற கோலத்தில் லண்டன் கோட்டையிலிருந்து சீப்சைடு வழியாக ஸ்மித்ஃபீல்டுக்கு ஊர்வலம் போனதை நகரம் நெடுநாள் பேசியது, நல்லவிதமாக அன்று.

16ஆம் நூற்றாண்டில் சண்டையைவிட வேடமே பெரிதாகிவிட்டது. முதலாம் எலிசபெத் அரசி அரியணை ஏறிய நினைவாக நவம்பர் 17ஆம் நாள் தோறும் லண்டன் வைட்ஹாலில் நடந்த போட்டிகளுக்குப் பொதுமக்கள் கட்டணம் கொடுத்து உள்ளே போனார்கள். ஒவ்வொரு வீரரும் புதிய வேடத்தில், அலங்கார வண்டியோடு வந்து, வரைபடமும் வாசகமும் எழுதிய அட்டைக் கேடயத்தை அரசிக்குக் காணிக்கையாக்கி, பணியாள் வாயால் பாட்டும் சொல்லவைத்து, அதன்பிறகே ஈட்டியைத் தொடுவார்.

கேள்வி: வியாபாரிகள் இதில் போட்டியிட முடிந்ததா, அல்லது செலவு மட்டும் அவர்களுடையதா?
ஜவுளி வணிகர், அம்மாப்பேட்டை

பதில்: கேள்வியிலேயே பாதி விடை இருக்கிறது. செலவு எங்கும் அவர்களுடையதே. போட்டியிடும் உரிமை ஊருக்கு ஊர் மாறியது.

துணி வணிகத்தால் செழித்த பிளாண்டர்ஸ் நாட்டு நகரங்களில் வணிகர்களே ஈட்டி பிடித்தார்கள். பிரூஜ் நகரில் 'வெள்ளைக் கரடி' என்ற சங்கம் ஆண்டுதோறும் சந்தைத் திடலில் போட்டி நடத்தியது. அதன் நினைவாக ஒரு கட்டட மூலையின் மாடத்தில் வைத்த சிறிய கரடிச் சிலை இன்றும் இருக்கிறது. லீல் நகரத்துத் திருவிழாவில் ஒவ்வோராண்டும் ஒரு வணிகரை 'அரசர்' என்று தேர்ந்தெடுப்பார்கள். விருந்து, உடை, குதிரை, போட்டி எல்லாம் அவர் பொறுப்பு. நாளடைவில் அந்த அரச பதவிக்குத் தேர்ந்தெடுக்கப்படுவதற்கே வணிகர்கள் அஞ்சத் தொடங்கினார்கள். நகரசபை மானியம் கொடுத்தும் பலருக்கு மனம் வரவில்லை. மண்டகப்படி எடுத்துக் கையைச் சுட்டுக்கொண்டவர்கள் நம் ஊரிலும் உண்டு என்பதால் தங்களுக்கு இது விளங்கும்.

ஜெர்மானிய நாடுகளில் கதை வேறு. அங்கே பிரபுக்கள் தங்களுக்கென்று சங்கம் வைத்துக்கொண்டு, பாட்டன் பாட்டி நால்வரும் உயர்குடி என்று நிறுவாதவரையும் வணிகம் செய்பவரையும் களத்துக்குள் விடவில்லை. கோத்திரம் கேட்டுக் கதவு திறக்கும் வழக்கம் நமக்குப் புதிதன்று. அதற்கு நியூரம்பர்க் வணிகக் குடும்பங்கள் கண்ட மறுமொழி, தங்கள் பிள்ளைகளுக்காக ஊர்ச் சந்தையிலேயே தனிப்போட்டி வைத்துக்கொள்வது. 1446இல் நடந்த அப்படியொரு போட்டியை, 1621இல் நகரமன்றக் கட்டடத்தின் கூரையில் சுதைச் சிற்பமாகவே வடித்து வைத்தார்கள். பேசல் நகரில் விஷயம் இரத்தத்தில் முடிந்தது. 1376 பிப்ரவரியில் ஆஸ்திரிய நாட்டுக் கோமகன் லியோபோல்டின் ஆட்கள் நகரத்துக்குள் போட்டி நடத்தி, ஊர்மக்களிடம் அடாவடியாக நடந்துகொள்ள, மக்கள் ஆயுதமெடுத்துப் பிரபுக்கள் சிலரைக் கொன்றுவிட்டார்கள். பழிக்குப் பழியாக ஊரார் பலரின் தலை உருண்டது. அந்த நாளை 'பொல்லாத திருவிழா' என்றே அந்நகர வரலாறு குறிக்கிறது.

பணத்தின் முழு விளையாட்டைக் காண வேண்டுமென்றால் ஃபுளோரன்ஸுக்குப் போக வேண்டும். 1469 பிப்ரவரியில் சாந்தா குரோச்சே சதுக்கத்தில் நடந்த போட்டியில், வங்கிக் குடும்பத்துப் பிள்ளையான 20 வயது லொரென்சோ தெ மெதிசி ஏறத்தாழ 10,000 புளோரின் பொற்காசுகளைச் செலவழித்து முதல் பரிசை வாங்கினார். வாங்கினார் என்ற சொல்லைத் தெரிந்தேதான் எழுதுகிறேன். ஆயுதப் பயிற்சியிலும் அடியின் வலுவிலும் தான் அப்படியொன்றும் சிறந்தவனல்லன், இருந்தும் முதல் பரிசு தனக்கே தரப்பட்டது என்று அவரே தம் நினைவுக் குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார். அந்த நேர்மைக்காகவாவது இன்னொரு பரிசு தரலாம்.

கேள்வி: பெண்கள் கலந்துகொண்டதுண்டா?
வாசகி, சூரமங்கலம்

பதில்: ஈட்டியோடு இல்லை. பரிசைக் கொடுப்பவர்களாகவும், வீரர் தலைக்கவசத்தில் கட்டிக்கொள்ளும் கைக்குட்டைக்கு உரியவர்களாகவும் இருந்தார்கள். ஆனால் 1348ஐ ஒட்டி நடந்த போட்டிகளுக்கு 40, 50 பெண்கள் ஆணுடை தரித்து, இடுப்பில் குத்துவாளோடு நல்ல குதிரைகளில் வந்திறங்கினார்கள் என்று ஹென்றி நைட்டன் என்ற துறவி எழுதியிருக்கிறார். அவர் கண்டித்து எழுதியதால்தான் நமக்குச் செய்தி கிடைத்திருக்கிறது.

கேள்வி: ஓர் அரசரே இப்படிப்பட்ட விளையாட்டில் கண்ணில் அடிபட்டு இறந்ததாகப் படித்த நினைவு. யார் அவர், நடந்தது என்ன?
காப்பித் தோட்ட எழுத்தர், ஏற்காடு

பதில்: பிரான்சின் இரண்டாம் ஹென்றி. ஸ்பெயினோடு நெடுநாள் நடந்த போர் 1559இல் முடிந்து, உடன்படிக்கையின் பகுதியாக அரசரின் மகளை ஸ்பெயின் அரசருக்கும், தங்கையை சவாய் நாட்டுக் கோமகனுக்கும் மணம் பேசியிருந்தார்கள். அந்தக் கல்யாணக் கொண்டாட்டத்துக்காகப் பாரிஸில் தூர்னெல் அரண்மனைக்கருகே, சாந்த் அந்துவான் தெருவின் பாவுகற்களைப் பெயர்த்துவிட்டுக் களம் அமைத்தார்கள்.

ஜூன் 30ஆம் நாள் 40 வயது அரசரே களத்தில் இறங்கினார். வெயில் கடுமை. ஓட்டங்கள் முடியும் நேரத்தில், தம் மெய்க்காவல் படைத்தலைவரான இளைஞர் கப்ரியேல் தெ மொன்கொமரியோடு மோதியபோது அரசர் சேணத்தில் ஆட்டங்கண்டார். அது அவருக்குப் பொறுக்கவில்லை; இன்னுமொரு ஓட்டம் என்று பிடிவாதம் செய்தார். போதும் என்று அரசி கேத்தரின் சொல்லியனுப்பியதையும் கேட்கவில்லை. இளைஞரும் தயங்கினார்; ஆணையென்றதும் குதிரையைத் திருப்பினார். ஈட்டி உடைந்தது. உடைந்த அடித்தண்டை உடனே கீழே போடாமல் அவர் பிடித்திருந்ததால், அது அரசரின் முகமூடியைத் தூக்கி உள்ளே நுழைந்து, வலக்கண்ணின் மேல்பகுதியில் சிம்புகளாகச் செருகியது.

அறுவை மருத்துவத்தில் அக்காலத்தின் தலைசிறந்தவரான அம்ப்ருவாஸ் பாரே அழைக்கப்பட்டார்; மனித உடலின் உள்ளமைப்பை வரைந்து காட்டிய வெசாலியஸை ஸ்பெயின் அரசர் பிரஸ்ஸல்ஸிலிருந்து அனுப்பிவைத்தார். காயத்தின் போக்கை அறிய, தண்டனை நிறைவேற்றப்பட்ட குற்றவாளிகளின் தலைகளில் அதேபோல் மரத்துண்டைக் குத்திப் பார்த்தார்கள் என்பது அந்தப் படுக்கையறையின் பதற்றத்தைக் காட்டுகிறது. ஜூலை 10இல் அரசர் இறந்தார். முதல் நாள் நள்ளிரவில், நோயாளியின் விருப்பப்படி, தங்கையின் திருமணத்தை அவசரமாக முடித்தார்கள். ஜோதிடர் நாஸ்திரதாமஸ் இதை முன்பே சொல்லிவிட்டார் என்ற பேச்சு, அவர் பாடலிலிருந்து ஓர் அடியை எடுத்துப் பின்னாளில் பொருத்தியது. அதில் நேரம் செலவிட வேண்டாம்.

அடுத்து அரியணை ஏறியவர் 15 வயதுச் சிறுவர். மூன்றாண்டுகளுக்குள் பிரான்சில் மதப்போர் வெடித்தது. குற்றம் உமதல்ல என்று அரசரே மன்னித்ததாகச் சொல்லப்படும் மொன்கொமரி, அந்தப் போரில் புராட்டஸ்டன்ட் தரப்பின் தளபதியாகிப் பிடிபட்டு, 1574இல் பாரிஸில் தலையிழந்தார். கணவர் இறந்த அரண்மனையில் கால்வைக்க மாட்டேன் என்று விலகிய கேத்தரின், அதை இடித்துத் தள்ள ஆணையிட்டார். காலியான இடத்தில் சில காலம் குதிரைச் சந்தை கூடியது. 1605இல் நான்காம் ஹென்றி அங்கே ஒரு சதுக்கம் கட்டத் தொடங்கினார். இன்று அதன் பெயர் பிளாஸ் தெ வோழ். 1612இல் அதன் திறப்புவிழாவுக்கு மறுபடியும் குதிரைகள் வந்தன, ஈட்டிகளும் வந்தன. ஆனால் இம்முறை ஆளை ஆள் குத்தவில்லை. தொங்கவிட்ட வளையத்தையும் மரப்பொம்மையையும் குத்தினார்கள், இசைக்கேற்பக் குதிரைகளை ஆடவிட்டார்கள்.

கேள்வி: இன்றும் எங்காவது நடக்கிறதா?
வாசகர், மேட்டூர்

பதில்: வளையம் குத்துவது நடக்கிறது. குரோஷியாவின் சின் நகரில், 1715இல் துருக்கியப் படையை வென்றதன் நினைவாக ஆண்டுதோறும் குதிரைவீரர் பாய்ந்துவந்து தொங்கும் இரும்பு வளையத்தை ஈட்டியால் கோக்கிறார்கள். யுனெஸ்கோ 2010இல் அதைப் பட்டியலில் சேர்த்தது. இத்தாலியின் அரெத்சோ நகரில் சுழலும் பொம்மையை நான்கு பேட்டைகள் போட்டியிட்டுக் குத்துகின்றன. அமெரிக்காவின் மேரிலாண்ட் மாநிலத்துக்கு அதிகாரப்பூர்வ விளையாட்டே, 1962 முதல், ஜவுஸ்டிங்தான்.

கேள்வி: கவசம் போட்டவரைக் கிரேன் வைத்துத் தூக்கித்தான் குதிரைமேல் உட்காரவைப்பார்கள் என்று என் மகன் சொல்கிறான். உண்மையா?
லாரி உரிமையாளர், ஓமலூர்

பதில்: சினிமாவில் காட்டியதால் பரவிய கதை. போட்டிக் கவசம் கனமானது என்பதால் படிமேடையும் பணியாளர் கையும் தேவைப்பட்டிருக்கும், கிரேன் தேவைப்படவில்லை. தங்கள் மகனுக்கு ஒரு நிகழ்ச்சியைச் சொல்லுங்கள்.

1390 ஏப்ரல் 23, புனித ஜார்ஜ் திருநாள். லண்டன் பாலத்தின்மேல் ஆங்கிலேயர் வெல்ஸ் பிரபுவும் ஸ்காட்லாந்து வீரர் டேவிட் லிண்ட்சேயும் மோதினார்கள். இரண்டு பக்கமும் வீடுகளும் கடைகளும் நெருங்கிய பாலம், கீழே தேம்ஸ் ஆறு. முதல் மோதலில் வெல்ஸின் ஈட்டி லிண்ட்சேயின் தலைக்கவசத்தில் பட்டு நொறுங்கியது, அவர் அசையவில்லை. கூட்டத்தில் கூச்சல் எழுந்தது: ஸ்காட்லாந்துக்காரனைச் சேணத்தோடு கட்டிவைத்திருக்கிறார்கள், இது ஏமாற்று! லிண்ட்சே ஒன்றும் பேசாமல் குதிரையை நிறுத்தி, முழுக் கவசத்தோடு தரையில் குதித்து, யாருடைய உதவியுமின்றி மறுபடியும் சேணத்தில் ஏறி அமர்ந்து, அடுத்த ஓட்டத்துக்கு ஈட்டியை வாங்கிக்கொண்டார். மூன்றாம் ஓட்டத்தில் வெல்ஸ்தான் கீழே விழுந்தார்.